நினைக்காமல் இரு என்று சொல்லாதீர்கள்

காரைக்குடிப் பக்கம் ஒருவருக்கு மலப் பரிசோதனையில் ‘ரத்தம்: பாசிட்டிவ்’ என்று வந்து, “கொலோனோஸ்கோப்பி ஒண்ணு பார்த்துடலாம்” என்று மருத்துவரும் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டால், அன்று பொழுது சாய்வதற்குள் மூன்று அறிவுரைகள் வீடு தேடி வந்துவிடும். “அது மூலமாத்தான் இருக்கும்.” “அதையே நெனச்சுக்கிட்டு இருக்காதீங்க.” “ரிசல்ட் வர்ற வரைக்கும் வெளிய யாருக்கும் சொல்லிக்காதீங்க.” சொல்லும் ஆள் மாறும், சொல் மாறாது. பக்கத்து வீட்டு ஆச்சி சொல்வார், சிங்கப்பூரிலிருந்து வாட்ஸப்பில் பேசும் மகன் சொல்வார், சில வேளை மருத்துவரே சொல்வார். அக்கறையில்தான் சொல்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த மூன்று வாக்கியங்களும் சேர்ந்து நம்மிடையே ஒரு சித்தாந்தமாகவே இறுகிவிட்டன. பரிசோதனைக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட நாட்களில் ஒருவர் பதறினால் அது அவருடைய மனப் பலவீனம், அதற்கு மருந்து மறதியும் மௌனமும் என்பது அதன் சாரம். இது தவறு. தவறான ஆறுதல் என்ற அளவோடு நின்றிருந்தால் விட்டுவிடலாம். ஆளைச் சிகிச்சைக்கே போகவிடாமல் செய்கிறது என்பதுதான் இதன்மீது என் குற்றச்சாட்டு.

அந்தத் தரப்பின் நியாயத்தை முதலில் சொல்லிவிடுவோம். அவர்கள் சொல்வதைவிடக் கொஞ்சம் நன்றாகவே சொல்லலாம். மலத்தில் ரத்தம் தெரிந்த பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை அரசே இந்தச் சோதனைக்கான பொருள்களைத் தபாலில் அனுப்புகிறது. அங்கே நூறு பேரில் இரண்டு பேர் அளவுக்குத்தான் அடுத்த கட்டச் சோதனைக்கு அழைக்கப்படுகிறார்கள். அழைக்கப்பட்டவர்களிலும் புற்றுநோய் இருப்பது பத்தில் ஒருவர் அளவில்தான். மற்றவர்களுக்கு மூலம், ஆசனவாய் வெடிப்பு, ‘பாலிப்’ என்கிற சதைமொட்டு, அல்லது ஒன்றுமே இருக்காது. ஆக, பத்தில் ஒன்பது பேர் வீணாகத்தான் தூக்கம் கெடுகிறார்கள். கவலைப்பட்டால் சர்க்கரை ஏறும், பிரஷர் ஏறும். முடிவு மட்டும் ஒரு நாள்கூட முன்னதாக வராது. வெளியே சொன்னால் ஊர் வாய் சும்மா இருக்காது. படித்தவர்கள் இன்னொன்றும் சேர்த்துக்கொள்வார்கள்: பெருங்குடல் புற்றுநோய் மேற்கு நாடுகளைவிட இந்தியாவில் குறைவு, 2016-இல் மத்திய அரசு வகுத்த புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றுதான் உண்டு, குடல் இல்லை, அப்படியிருக்க நல்லாயிருக்கிற மனுஷன் இந்தச் சோதனையை எடுத்துக் கவலையை விலைக்கு வாங்குவானேன்?

இவற்றில் செய்தி என்று சொல்லத்தக்கவை எல்லாம் ஏறக்குறைய உண்மை. அவற்றை வைத்துக்கொண்டு இவர்கள் போய்ச் சேரும் இடம்தான் தப்பு. எங்கெங்கே தப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. நினைக்காமல் இருக்க முடியுமா என்று இவர்கள் ஒருமுறையாவது முயன்று பார்த்ததுண்டா? மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொல்லியனுப்பிய கதை நம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அதுவரை குரங்கையே நினைத்தறியாதவன், கிண்ணத்தை எடுத்தபோதெல்லாம் குரங்கைக் கண்டான். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் இதையே 1987-இல் சோதனையாகச் செய்து காட்டினார். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைப்பு வந்தால் மணியடிக்க வேண்டும் என்று மாணவர்களிடம் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிடக் கவனிக்க வேண்டியது அடுத்த கட்டம். ‘இனி நினைக்கலாம்’ என்று தடையை நீக்கியதும், தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது.

பகல் முழுக்க ‘நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாது’ என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர் இரவு இரண்டு மணிக்கு எழுந்து கைபேசியில் தேடுவது இதனால்தான். அறிவுரை சொன்னவர் காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார். கேட்டவருக்கோ சுமை இரண்டாகிவிட்டது: குடலைப் பற்றிய பயம் ஒன்று, பயப்படுகிறோமே என்ற வெட்கம் இன்னொன்று.

2. ‘ஒண்ணும் இருக்காது’ என்பது ஆறுதலா? அப்படிச் சொல்பவருக்கு அது தெரியாது என்பது கேட்பவருக்குத் தெரியும். தெரியாத ஒருவர் தெரிந்ததுபோலச் சொல்லும் உறுதி மனத்தில் ஒட்டுவதில்லை. 2016-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் ஒரு கணினி விளையாட்டை வைத்துச் சோதித்தார்கள். பாறைக்கு அடியில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்க வேண்டும்; பாம்பு இருந்தால் கையில் வலிக்கிற மாதிரி ஒரு மின் அதிர்ச்சி. அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது மக்கள் பட்ட பதற்றத்தைவிட, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றபோது பட்ட பதற்றமே அதிகம். கெட்ட செய்தியைவிட ‘ஒருவேளை’ என்பதுதான் மனிதனை அதிகம் வாட்டுகிறது.

அப்படியென்றால் மருந்து எது? ‘ஒருவேளை’யின் அளவைக் குறைப்பது. எண்கள் குறைக்கும். பத்தில் ஒருவர் என்ற கணக்கை நான் மேலே எதிர்த்தரப்பின் வாதமாகச் சொன்னேன்; அதை ‘நினைக்காதே’ என்பதற்குப் பதிலாக ‘இதை நினைத்துக்கொள்’ என்று சொன்னால் அது மருந்தாகிறது. அடுத்து என்ன நடக்கும் என்ற விவரமும் குறைக்கும். முதல் நாள் கஞ்சி, தெளிந்த நீராகாரம். மாலையில் லிட்டர் கணக்கில் கலக்கிக் குடிக்கும் பவுடர். விடிய விடியக் கழிப்பறை. மறுநாள் மயக்க ஊசி போட்டு, விரல் மொத்தக் குழாயால் குடலின் உள்சுவரைப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணி நேர வேலை. பாலிப் இருந்தால் அப்போதே அறுத்து எடுத்துவிட முடியும். குடலில் ஓட்டை விழும் அபாயம் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் அல்லது அதற்கும் கீழே. (செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் கழிப்பறை பின்கட்டைத் தாண்டிக் கடைசியில் இருக்கும். குழாயைவிட அந்த ராத்திரிதான் பெரியவர்களுக்குப் பயம். அதற்கும் வழி உண்டு, சொன்னால்தானே செய்யலாம்?)

சதைத்துண்டு எடுத்து அனுப்பினால் முடிவு வர ஏன் ஒரு வாரம்போல ஆகிறது என்று எத்தனை பேருக்குச் சொல்லப்படுகிறது? துண்டை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனத்துக்குச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் ஒரு நோய்க்குறியியல் மருத்துவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தாமதத்துக்குக் காரணம் இதுதான் என்று தெரியாதவர், ‘ஏதோ பெருசா இருக்கு, அதான் லேட் பண்றாங்க’ என்று தானாக ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்கிறார். விவரம் சொல்லாத இடத்தைக் கற்பனை நிரப்பும். கற்பனை ஒருபோதும் நல்லதைக் கொண்டுவந்து நிரப்பாது.

ஒரு விலக்கு உண்டு, அதை மறைக்கக் கூடாது. எல்லோருக்கும் எல்லா விவரமும் வேண்டியதில்லை. 1983-இல் சூசன் மில்லரும் சார்லஸ் மாங்கனும் கருப்பைவாய்ச் சோதனைக்கு வந்த பெண்களிடம் செய்த ஆய்வில், துருவித் துருவிக் கேட்கும் குணமுள்ளவர்களுக்கு விவரம் நிம்மதி தந்தது. கண்ணை மூடிக்கொள்ளும் குணமுள்ளவர்களுக்கு அதே விவரம் தொல்லையானது. ஆகவே கேட்டுச் சொல்ல வேண்டும். “விவரமாச் சொல்லவா, சுருக்கமாப் போதுமா?” என்ற ஒரு கேள்வி போதும். நம் சித்தாந்தக்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள விரும்புகிறவர்கள் என்று தாங்களாகவே முடிவுகட்டிவிடுகிறார்கள்.

3. மூன்றில் மிகக் கொடியது ‘மூலமாத்தான் இருக்கும்’. தமிழ்நாட்டின் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் ‘மூலம், பௌத்திரம்’ என்று சுவரெழுத்து வரவேற்கும். வீட்டில் துத்திக்கீரையும் கருணைக்கிழங்கும் இருக்கவே இருக்கின்றன. நமக்குப் பழகிய நோய் அது. பழகிய நோயின் பெயரைச் சூட்டியதும் பயம் விலகுகிறது. பயத்தோடு சேர்த்து மருத்துவரின் சீட்டும் அலமாரிக்குள் போய்விடுகிறது. மூலம் இருப்பவருக்குப் பாலிப் இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. இரண்டும் ஒரே உடம்பில் இருக்கலாம். மூலத்தைப் பார்த்துவிட்டதால் மேலே ஐந்தடி நீளக் குடலைப் பார்த்ததாகாது.

இன்னொரு சமாதானமும் உண்டு: “முந்தாநாள் கறி சாப்பிட்டேன், அதுல வந்த ரத்தம்.” இதில் அரை உண்மை இருக்கிறது. மலத்தில் மறைந்த ரத்தத்தைக் காட்டும் சோதனைகள் இரண்டு வகை. பழைய வகை ரத்தத்தின் ஒரு வேதிவினையை மட்டும் பார்க்கும். ஆட்டுக்கறி ரத்தத்துக்கும் மனித ரத்தத்துக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது, சில காய்கறிகள்கூட அதை ஏமாற்றும். ‘ஃபிட்’ என்கிற புதிய வகை மனித ஹீமோகுளோபினை மட்டும் அடையாளம் காணும் எதிர்ப்பொருளைப் பயன்படுத்துகிறது. நாட்டுக்கோழிக் குழம்பு அதை ஒன்றும் செய்யாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ‘எனக்கு எடுத்தது எந்த வகை?’ என்பதுதான். பரிசோதனைக் கூடத்தில் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். பழைய வகை என்றால் மருத்துவரிடம் பேசி அடுத்து என்ன என்று முடிவு செய்யலாம். தானாகவே கறியின்மீது பழிபோட்டுவிட்டுச் சும்மா இருப்பது வேறு.

நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துக்கம்தான் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. வீட்டிலேயே ஒரு டாக்டர் இருந்தும் அன்று காப்பாற்ற வழியில்லை. குடல் முழுவதையும் உள்ளே எட்டிப் பார்க்கக் கருவியில்லாத காலம். இன்று கருவி மதுரையில் இருக்கிறது, திருச்சியில் இருக்கிறது. இருந்தும் பார்க்காமல் விடுவதற்கு நாம் சொல்லும் காரணம், ‘மூலமாத்தான் இருக்கும்.’

4. கவலைப்படாதவர் காலத்தையும் கவனிப்பதில்லை. இங்கேதான் இந்தச் சித்தாந்தம் நேராக உயிரில் கை வைக்கிறது. கலிஃபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ அமைப்பில், ஃபிட் சோதனையில் பாசிட்டிவ் வந்து பிறகு கொலோனோஸ்கோப்பி செய்துகொண்ட 70,124 பேரின் கணக்கை டக்ளஸ் கோர்லி குழுவினர் 2017-இல் ‘ஜாமா’ இதழில் வெளியிட்டார்கள். ஒரு மாதத்துக்குள் செய்துகொண்டவர்களோடு ஒப்பிட்டால், சில மாதம் தள்ளிப்போனவர்களுக்குக் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பத்து மாதத்தைத் தாண்டியதும் புற்றுநோய் காணப்படும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஓராண்டைத் தாண்டியவர்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல். முற்றிய நிலையில் காணப்படும் வாய்ப்போ மூன்று மடங்குக்கு மேல்.

காத்திருப்பவருக்கு இதைவிட நல்ல ஆறுதல் ஏதாவது உண்டா? ‘இந்த மூன்று வாரத்தில் ஏதாவது ஆகிவிடுமோ’ என்ற பயத்துக்கு நேரான பதில் இது: ஆகாது. பாலிப் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டு அளவுக்குப் பிடிக்கிறது. ஆனால் அதே கணக்கு இன்னொன்றும் சொல்கிறது: வாரங்கள் பொறுக்கும், ஆண்டு பொறுக்காது. (அறிகுறியில்லாமல் சோதனை செய்துகொண்டவர்களின் கணக்கு இது. கண்ணுக்குத் தெரிய ரத்தம் போகிறது, எடை குறைகிறது, ரத்தசோகை இருக்கிறது, மலம் போகும் வழக்கமே மாறிவிட்டது என்றால் இந்த நிதானம் அவருக்குப் பொருந்தாது. உடனே போக வேண்டும்.)

‘நினைக்காதே’ என்ற அறிவுரை இந்த இரண்டையும் தலைகீழாக்குகிறது. பொறுக்கக்கூடிய வாரங்களைப் பற்றி ஆறுதலாக ஒரு செய்தியும் சொல்லாமல் விட்டுவிட்டு, பொறுக்கக் கூடாத மாதங்களுக்கு ஆளைத் தள்ளிக்கொண்டு போகிறது. பொங்கல் போகட்டும், பழனிப் பாதயாத்திரை முடியட்டும், பங்குனித் திருவிழா வரட்டும், பேத்தி கல்யாணம் ஆகட்டும். நம் ஊர் நாட்காட்டியில் தள்ளிப்போடக் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. அளவான பயம் ஒன்று உள்ளே இருந்து உறுத்திக்கொண்டிருந்தால்தான் மனிதன் தொலைபேசியை எடுத்துத் தேதி கேட்பான். அந்த உறுத்தலைப் பிடுங்கிவிட்டு அவனை நிம்மதியாக வைத்திருக்கிறோம் என்று பெருமைப்படுவது என்ன வகை அன்பு?

5. யாருக்கும் சொல்லாதே என்றால், மருத்துவமனைக்குக் கூட வருவது யார்? மயக்க ஊசி போடுவதால் துணைக்கு ஆளில்லாமல் அனுமதிக்க மாட்டார்கள். வண்டியோட்டித் திரும்ப முடியாது. காரைக்குடியிலிருந்து மதுரை 90 கிலோமீட்டர் போல. ஆக, ரகசியம் என்பது முதல் படியிலேயே உடைந்துவிடும் ஒரு பாசாங்கு. சொல்லாமல் விட்டதால் மிஞ்சுவது, துணைக்கு வந்தவரும் ஒன்றும் தெரியாமல் விழிப்பதுதான்.

இதைவிட மோசமான ரகசியம் இன்னொன்று: நோயாளிக்கே தெரியாமல் வைப்பது. “டாக்டர், அப்பச்சிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, எங்ககிட்டச் சொல்லுங்க.” அப்பச்சி பர்மாக் கணக்கைப் பார்த்தவராக இருப்பார், பெரிய குடும்பத்தைக் கட்டி இழுத்தவராக இருப்பார், பங்காளிகளுக்குள் எத்தனையோ வழக்குகளைத் தீர்த்து வைத்தவராக இருப்பார். தன் குடலைப் பற்றிய செய்தியைத் தாங்க மட்டும் அவருக்கு வலுவில்லையாம். வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசுவதை, திடீரென்று மகள் கிளம்பி வந்து நிற்பதைப் பார்த்து அவர் ஊகிக்கிற நோய், உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாகவே இருக்கும். சட்டமும் இவர்கள் பக்கம் இல்லை. சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது: முடிவெடுக்கும் திறனுள்ள வயதுவந்த நோயாளியின் சம்மதத்துக்கு அவருடைய தாயின் சம்மதம்கூட ஈடாகாது. விவரம் தெரியாமல் சம்மதம் ஏது?

‘வரன் பாக்குற நேரத்துல இது வெளிய தெரிஞ்சா…’ என்பது அடுத்த பயம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெருங்குடல் புற்றுநோய் வந்தவரின் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல். அதனால்தான் அவர்கள் 40 வயதிலேயே, அல்லது குடும்பத்தவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்பே சோதனையைத் தொடங்க வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் பலவும் சொல்கின்றன. அப்பாவுக்கு என்ன நோய் என்றே தெரியாமல் வளர்க்கப்பட்ட மகனிடம் “குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சா?” என்று டாக்டர் கேட்டால், “இல்லையே” என்பான். பிள்ளைகளின் கல்யாணத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைக்கிறோம்.

இதில் எனக்கு வியப்பான ஒன்று உண்டு. இதே வீட்டார் குன்றக்குடிக்குப் போய் முருகனிடம் வேண்டிக்கொள்வார்கள், பிள்ளையார்பட்டியில் தேங்காய் உடைப்பார்கள். வேண்டுதல் என்றாலே பயத்தைப் பெயர் சொல்லி எடுத்து ஒருவர் முன்னால் வைப்பதுதானே? சந்நிதியில் யாரும் ‘நினைக்காதே’ என்று சொல்வதில்லை. கடவுளிடம் நேராகச் சொல்ல முடிந்ததை, ஒரே கட்டிலில் படுத்துறங்கும் மனைவியிடம் சொல்லக் கூடாது என்று விதித்தது யார்?

6. மனத்தைரியம் இருந்தால் கவலை வராது என்பது வெறும் மிரட்டல். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கேட் ஸ்வீனி காத்திருப்பைப் பற்றியே பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார். வழக்கறிஞர் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காக நான்கு மாதம் காத்திருந்த பட்டதாரிகளை அவர் தொடர்ந்து கவனித்தார்; 2016-இல் வெளியான ஆய்வு அது. பதற்றத்தைக் குறைக்க அவர்கள் கையாண்ட உத்திகள் எதுவும் பெரிதாகப் பலன் தரவில்லை. நன்றாகக் கவலைப்பட்டுக் காத்திருந்தவர்கள்தான் கெட்ட முடிவு வந்தபோது தாங்கினார்கள், நல்ல முடிவு வந்தபோது மற்றவர்களைவிட அதிகம் மகிழ்ந்தார்கள். கவலைப்பட்டவர் தோற்றவரல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

‘மனசு தளர்ந்தா நோய் முத்திடும்’ என்றும் சொல்வார்கள். ஒருவர் சில வாரம் தூக்கமில்லாமல் புரண்டதால் குடலில் புற்று வளர்ந்தது என்று காட்ட நம்பத்தகுந்த சான்று கிடையாது. ஆனால் இந்தப் பேச்சின் விளைவை யோசியுங்கள். நாளைக்கு முடிவு கெட்டதாக வந்தால், ‘நான் கவலைப்பட்டதால்தான்’ என்று அவர் தன்னையே நொந்துகொள்வார். நோயாளியைக் குற்றவாளியாக்கும் வேலையை அறிவுரை என்ற பெயரில் செய்கிறோம்.

உதவுகிறவை சில உண்டு. அவை சிறியவை, ஆரவாரமில்லாதவை. நேரம் போவதே தெரியாமல் ஈடுபட வைக்கும் வேலை காத்திருப்பைக் கொஞ்சம் லேசாக்குகிறது என்று ஸ்வீனியின் பின்னைய ஆய்வுகள் காட்டுகின்றன. கணக்குப் புத்தகம், தையல், தோட்டம், ஆடு புலி ஆட்டம், எதுவானாலும் சரி. இது ‘நினைக்காதே’ என்பதன் மறுவடிவம் என்று எண்ண வேண்டாம்; பயத்தை மறுக்காமல், அதற்குப் பக்கத்தில் வேறொன்றுக்கும் இடம் கொடுப்பது. கவலை அளவு மீறினால், அதாவது நாள்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றால், அதற்கென்று உதவி கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

7. அப்படியானால் சோதனையே வேண்டாம் என்கிறவர்கள்? இவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. 1968-இல் வில்சனும் யுங்னரும் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய, இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டும் விதிகளில் ஒன்று, மேற்கொண்டு கண்டறியவும் சிகிச்சை தரவும் வசதி இருந்தால்தான் நலமாயிருப்பவர்களிடம் சோதனை நடத்த வேண்டும் என்பது. இன்று நம் ஊர்களில் ‘மாஸ்டர் செக்கப்’ என்று அறுபது, எழுபது சோதனைகளை ஒரு கட்டாகக் கட்டித் தள்ளுபடி விலைக்கு விற்கிறார்கள். அதில் மலப் பரிசோதனையும் சில வேளை ஒட்டிக்கொள்கிறது. சனிக்கிழமை ராத்திரி வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப் வந்து விழுகிறது. அதில் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில். அதற்கு என்ன அர்த்தம், அடுத்து யாரைப் பார்ப்பது என்று ஒன்றும் தெரியாது. திங்கள்கிழமை வரை அந்தக் குடும்பம் படும் பாட்டுக்குக் காரணம் அவர்களுடைய மனம் பலவீனமானது என்பதா?

கவலையைச் சோதனை உண்டாக்கவில்லை என்று நான் வாதிடப்போவதில்லை. உண்டாக்குகிறது. ஆனால் அது எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதை முடிவு செய்வது சோதனை இல்லை, சோதனைக்குப் பின்னால் இருக்கிற ஏற்பாடு. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் நடந்த பெரிய குடல் பரிசோதனை ஆய்வின் பகுதியாகப் பதற்றத்தை அளந்து பார்த்தார்கள். பாசிட்டிவ் என்ற செய்தி வந்தபின், அடுத்த சோதனைக்கு முன்புதான் அது உச்சத்தில் இருந்தது. குடலில் ஒன்றுமில்லை என்று தெரிந்த மறுநாளே இறங்கியது. ஒரு மாதம் கழித்தும் இறங்கியே இருந்தது. நீண்ட காயம் எதுவும் மிஞ்சவில்லை. கவலைக்கு ஒரு முடிவுத் தேதி இருந்தால் மனிதர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். அந்த நாட்டுத் திட்டத்தில் பாசிட்டிவ் ஆனவருக்குப் பதினான்கு நாளுக்குள் இதற்கென்றே பயிற்சி பெற்ற செவிலியரைச் சந்திக்க நேரம் ஒதுக்க வேண்டும் என்பது விதி. எல்லா இடத்திலும் அது தவறாமல் நடக்கிறதா என்பது வேறு பேச்சு. அப்படி ஒரு விதி எழுதிவைக்கப்பட்டிருக்கிறது என்பதே காத்திருப்பவருக்கு ஒரு பிடிமானம்.

“அதெல்லாம் சீமைக்குச் சரி, நம்ம ஊருக்கு ஆகுமா?” என்பார்கள். இதில் செலவு பிடிப்பது எது என்று சொல்லட்டும். மாதிரி வாங்கும் முன் பரிசோதனைக் கூடத்து மேசையில் இருக்கிற பெண் இரண்டு வாக்கியம் சொல்லலாம்: இது எந்த வகைச் சோதனை, பாசிட்டிவ் வந்தால் அதற்கு என்ன அர்த்தம். முடிவை ராத்திரியில் வெறும் தாளாக அனுப்பாமல், பகலில் கூப்பிட்டுச் சொல்லலாம். மருத்துவர் ‘கொலோனோஸ்கோப்பி’ என்று எழுதும் அதே சீட்டில் மருத்துவமனையின் பெயர், தேதி, துணைக்கு ஒருவர், எந்தெந்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என நான்கு வரி சேர்த்து எழுதலாம். சிவகங்கையில் 2012 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. எங்கே எந்த நாளில் இந்தச் சோதனை செய்கிறார்கள் என்ற பட்டியலை மாவட்டம் முழுவதும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒட்டுவதற்கு ஒரு தாள் போதும். இது எதுவும் இல்லாமல் மாதிரியை மட்டும் வாங்கிக்கொள்கிற கூடத்தில் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: “பாசிட்டிவ் வந்தா எங்களை எங்க அனுப்புவீங்க?” பதில் இல்லையென்றால் அந்தச் சோதனையை அவர்கள் தங்கள் விலைப்பட்டியலிலிருந்து எடுத்துவிடட்டும்.